நான்காம் கதவைக் கேட்ட பின்யா கடூஃப்

பின்யா கடூஃப், 1992 பிப்ரவரி 11 அன்று மேல் ரைன் பள்ளத்தாக்கின் பர்னோல் கிராமத்தில் பிறந்தாள். தந்தை பிளாட்ஸி, சறுக்குத் தடங்களில் பனியைச் சமன்செய்யும் இயந்திர வண்டியின் ஓட்டுநர். தாய் ஒனா, அஞ்சல் பேருந்து ஓட்டியவர். உடன்பிறந்தோர் இல்லை. பதினைந்தாம் வயதில் மாநில இளையோர் பனிச்சறுக்கு அணியில் சேர்ந்தாள். பத்தொன்பதாம் வயதில், தனியாக ஓடி நேரம் குறிக்கும் மரபான பந்தயங்களில் போதிய வேகம் இல்லை என்று அந்த அணியிலிருந்து நீக்கப்பட்டாள். 2011 டிசம்பரில் முதன்முறையாக ஸ்கீ கிராஸ் ஓடினாள். வலது முழங்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சைகள், இடதில் ஒன்று. இவை மருத்துவமனைத் தாள்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டவை.

ஸ்கீ கிராஸில் நால்வர் ஒரே நேரத்தில் தொடக்கக் கதவுகளிலிருந்து பாய்ந்து, மேடுகளையும் வளைவுகளையும் தாவல்களையும் கடந்து, முதலில் கீழே சேர்பவர் வெல்வர். பர்னோலில் அன்று அதற்கு மதிப்பில்லை. அவள் அதற்கு மாறினாள் என்று தெரிந்த வாரம், சறுக்குச் சங்கத்தின் தலைவரும் ஒனாவின் அண்ணனுமான லூயிஸ், விடுதியில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"நாலு மாட்டை ஒண்ணா அவுத்து விட்டாலும் இப்படித்தான் ஒண்ண ஒண்ணு முட்டிக்கிட்டு இறங்கும். அதுக்கு எதுக்கும்மா ஹெல்மெட்டு?"

"உங்க மாட்டுக்கு வேணாம் மாமா," என்றாள் பின்யா, வாற்கோதுமைச் சூப்பிலிருந்து தலையைத் தூக்காமல். "அது கீழ வந்து சேர்ந்தா நல்லபடியா கறந்துக்கோங்க. நான் வந்து சேர்ந்தா கைதட்டுனா போதும்."

அடுத்த ஆறு ஆண்டுகளில் அவள் உலகக் கோப்பைப் பந்தயங்களில் பத்தொன்பது முறை ஓடினாள். சிறந்த இடம் ஆறாவது. 2018 ஜனவரியில், ஒரு தாவலின் முடிவில் வேறொருத்தியின் சறுக்குப் பலகை மேல் விழுந்து, வலது முழங்காலின் தசைநார் இரண்டாம் முறை அறுந்தது. ஏப்ரலில் தேர்வுக் குழுவின் கடிதம் வந்தது: இனி அவள் நாட்டின் அணியில் இல்லை, பலகைகளுக்கு மெழுகு தேய்ப்பவரும் மருத்துவரும் பயணப்படியும் இல்லை. கடிதத்தில் "ஓய்வு பெறும் வீராங்கனை" என்று இருந்தது. அவள் ஓய்வு கேட்டதற்கான ஆதாரம் எதுவும் இல்லை. பேனாவால் அந்தச் சொற்களை அடித்து, மேலே "இல்லை" என்று எழுதி, அதே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினாள். அதன் நகல் இருக்கிறது.

அணிக்கு வெளியே இருப்பவள் மீண்டும் உலகக் கோப்பைக்குள் வர ஒரே ஒரு வழி இருந்தது. அதற்கு ஒரு படி கீழான ஐரோப்பியக் கோப்பையில் பருவம் முழுவதும் புள்ளிகள் சேர்த்து முதலிடம் பெறுபவருக்கு, மறு ஆண்டு உலகக் கோப்பையில் சொந்த இடம் ஒன்று உண்டு. அது நாட்டின் இடம் அன்று; ஓடுபவரின் பெயரிலேயே எழுதப்படும். எந்தக் குழுவும் அதைப் பிடுங்க முடியாது. பின்யா அதைக் குறிவைத்தாள்.

அந்தக் கோடையில் மாட்டுத் தொழுவத்தின் பின்சரிவில் மரச் சட்டங்களால் கதவு ஒன்றை அடித்து நிறுத்தினாள். பனி இல்லாத புல்லின் மேல், கைப்பிடிகளை இழுத்துப் பாயும் அந்த முதல் இரண்டு வினாடிகளை மட்டும், ஒரு நாளைக்கு அறுபது முறை செய்தாள். குளிர்காலத்தில் பழைய வேன் ஒன்றில் உறங்கி, பலகைகளைத் தானே தீட்டி, தானே மெழுகிட்டு, பதினொரு பந்தயங்கள் ஓடினாள். 2019 மார்ச் 16 அன்று கடைசிப் பந்தயம். அன்று காலை அவள் புள்ளிப் பட்டியலில் இரண்டாமிடம். முதலிடம் பெர்ன் மலைநாட்டைச் சேர்ந்த ரஹேல், இருபது வயது, அணியின் நம்பிக்கை. பன்னிரண்டு புள்ளிகள் முன்னால் இருந்தாள்.

இருவரும் இறுதி ஓட்டத்தை எட்டினர். முதலிடத்துக்கு நூறு புள்ளிகள், இரண்டுக்கு எண்பது, மூன்றுக்கு அறுபது, நான்குக்கு ஐம்பது. ஆகவே பின்யா ரஹேலுக்கு முன்னால் வந்தால் மட்டும் போதாது. முதல் இருவருள் ஒருத்தியாகவும் வர வேண்டும்.

கம்பிவடத்தில் தொங்கி மேலே செல்லும் தூக்கி நாற்காலியில் அணியின் இளையோர் பயிற்றுநர் தியேரி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பின்யா, உனக்கு இருபத்தேழு. முட்டி மூணு வாட்டி போயிருச்சு. அந்தப் புள்ளைக்கு முன்னாடி பத்து வருஷம் கெடக்கு. மொத ரெண்டு வளைவுல அவளை அடைக்காத. வேற எதுவும் கேக்கல."

"எங்கப்பா பதினோரு டன் வண்டி ஓட்டுறாரு சார். அதுக்கே நான் ஒதுங்குனதில்ல."

"நான் சிரிக்கிறதுக்குச் சொல்லல."

"நானும்தான்."

அன்று வெயில் கடுமை. காலையில் தடம் இளகாமல் இருக்க வேலையாட்கள் உப்புத் தூவியிருந்தனர். உப்பு பட்ட பனி முதலில் கல்லாக இறுகும். நண்பகலுக்குப் பின், அதே பனி சர்க்கரையாக உதிர்ந்து பலகையைப் பிடித்து இழுக்கும். இது பிளாட்ஸி வீட்டில் ரொட்டியோடு பரிமாறப்பட்ட பேச்சு. காலைச் சோதனை நடையிலேயே பின்யா பார்த்திருந்தாள்: எல்லோரும் வளைவுகளின் உட்பக்கத்தை ஒட்டிய உட்கோட்டில்தான் ஓடுவர் என்பதால், வேலையாட்கள் உப்பையும் உட்கோட்டிலேயே கொட்டியிருந்தனர். வெளிக்கோடு நீளம் அதிகம். ஆனால் உப்பற்ற பனி.

கதவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, முந்தைய நாள் தகுதி ஓட்டத்தின் வரிசைப்படி வரும். பின்யாவுக்கே முதல் உரிமை. அந்த உரிமை பெற்றவர் உட்கோட்டுக்கு மிக அருகிலுள்ள முதல் கதவைக் கேட்பதே வழக்கம். யோசிப்பவரும் இல்லை, கதவருகே நிற்கும் அதிகாரி பதில் வருமுன் எழுதத் தொடங்கிவிடுவார்.

"நாலு," என்றாள்.

அதிகாரியின் பென்சில் நின்றது. "ஒண்ணுன்னு தானே சொன்னீங்க?"

"நாலு. விரல்ல காட்டட்டுமா?"

ரஹேல் சிரித்துவிட்டாள். "அக்கா, வெயில் தலைக்கேறிடுச்சா? கடைசிக் கதவு, தொரத்தி விட்டவங்க நிக்கிற எடம்."

"ஆமா. அதான் எனக்குப் பழகுன எடம். நீ ஒண்ணுல நில்லு, கண்ணு."

கதவு விழுந்தது. முதல் வளைவில் பின்யா நான்காவது. நீளமான கோட்டில் வந்ததால் அதுவே நியாயம். இரண்டாம் வளைவில், உட்கோட்டில் ஒருவர்பின் ஒருவராக இறங்கிய மூவரின் பலகைகளும் உதிர்ந்த பனியில் புதைந்து வேகம் குறைந்தன. பின்யா வெளிச்சுவரில் உயர்ந்து ஏறி, மேலிருந்து கீழே விழுவதுபோல் இருவரைக் கடந்தாள். முன்னால் ஆஸ்திரியப் பெண் ஒருத்தி மட்டும் இருந்தாள். கடைசி வளைவில் ரஹேல் உள்ளிருந்து வந்து தோளோடு தோள் உரசினாள். கடைசித் தாவலை இருவரும் ஒன்றாகத் தாவினர். முடிவுக் கோட்டில் பின்யா உடலை முன்னெறிந்தாள். படத்தில் அவளுடைய பலகையின் முனை முன்னால் இருந்தது. இரண்டாமிடம்.

பின்யா ரஹேலைக் கையால் தள்ளினாள் என்று தியேரி உடனே முறையிட்டார். நடுவர் குழு காணொளியைப் பார்க்கப் பதினொரு நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. கையால் தள்ளியது உறுதியானால், பின்யா கடைசி இடத்துக்கு இறக்கப்படுவாள். ஆண்டு முழுவதும் வீண். முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்தபடி வேலியில் சாய்ந்து நின்றாள்.

"கைய நீட்டுனியா, இல்லையா?" என்றார் தியேரி.

"நீட்டல. நீட்டியிருந்தா நீங்க இப்ப அவளை வேலிக்கு அந்தப் பக்கம் தேடிக்கிட்டு இருப்பீங்க."

"திமிரு!"

"அது ஒண்ணுதான் சார் அறுவைச் சிகிச்சை இல்லாம மிச்சம் இருக்கு."

அப்போது ரஹேல் கண்ணாடியைக் கழற்றி எறிந்தாள். அழுதிருந்தாள். "நிறுத்துங்க சார்! அவ தள்ளல. அந்தச் சனியன் புடிச்ச உப்புல நான்தான் மாட்டுனேன், அப்புறம் நான்தான் போய் உரசுனேன். புகாரை வாபஸ் வாங்கிக்கோங்க."

தியேரி திரும்பப் பெறவில்லை. நடுவர்கள் தாங்களே முடிவு செய்தனர்: தள்ளல் இல்லை, இடம் மாறாது. புள்ளிப் பட்டியலில் பின்யா எட்டுப் புள்ளிகள் முன்னால் முடித்தாள்.

அந்தச் சொந்த இடத்தில் அவள் மறு பருவம் உலகக் கோப்பைக்குள் நுழைந்தாள். அதன் பின் ஒவ்வோர் ஆண்டும் தன் தரவரிசையாலேயே நின்றாள். ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. இருமுறை மூன்றாமிடம். அணி அவளை மீண்டும் அழைத்தபோது, மெழுகு தேய்ப்பவரை மட்டும் ஏற்றுக்கொண்டு, பயிற்றுநரை வேண்டாம் என்றாள். 2025 மார்ச்சில், யாரும் சொல்லாமல், தானே நிறுத்தினாள். அவ்வாண்டுப் பதிவுத் தாளில் "ஓய்வு" என்ற சொல்லை அவளே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறாள்.

வலது முழங்கால் இரண்டாம் முறை அறுந்து, அவள் ஓய்வு பெறுகிறாள் என்று தேர்வுக் குழு எழுதியதற்குப் பின் அவள் ஓடிய காலம்: ஏழு பருவங்கள். முதல் ஸ்கீ கிராஸ் ஓட்டத்திலிருந்து மொத்தம்: பதிமூன்று ஆண்டுகள், மூன்று மாதங்கள்.