உமிப் புகையும் என் பெட்டிசமும்

சுனாமிக்குப் பிறகு, கடலிலிருந்து எத்தனை எட்டுத் தள்ளி வீடு கட்டினால் பயமின்றித் தூங்கலாம் என்று நடந்து நடந்து எண்ணினேன். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாவது எட்டில் ஒரு வளவு கிடைத்தது. பக்கத்தில் நெல் அவிக்கும் மில் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. புகை ஊரைக் கொண்டுபோகாது என்பது என் வாதம். முப்பத்து மூன்று வருடம் கணக்குப் படிப்பித்தவன் வாதத்தில் தோற்பானா?

சண்டை முடிந்த வருடம் மகளுக்குக் கலியாணம். ஊர் வழக்கப்படி வீட்டை மகள் பேருக்கு எழுதினேன். மருமகன் எங்களோடு வந்து இருந்தார். வேலை மதிலுக்கு அப்பால் அதே மில்லில், உமி அடுப்படியில். நாற்பத்தாறு எட்டில் வேலைக்குப் போகும் மருமகன் இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் என்று சொல்லித் திரிந்தேன்.

மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை. மருமகனின் உம்மா இன்னொரு கலியாணம் பற்றிக் கதைக்கத் தொடங்கினா. மகள் சோறு தின்பதைக் குறைத்தாள். நான் அவளை ஐந்து டாக்டர்களிடம் கூட்டிப் போனேன். ஆறாவது டாக்டர் ஒரு பெண். "மாப்பிள்ளையப் பாத்தாச்சா?" என்று கேட்டார். நான் தலையை உயர்த்தி மின்விசிறியின் இறகுகளை எண்ணினேன். மூன்று.

மருமகனுக்கு விந்தணு குறைவு என்று முடிவு வந்தது. அடுப்பின் சூடும் புகையும் ஒரு காரணமாக இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது. அணுக்கள் புதிதாக உருவாக மூன்று மாதமளவில் செல்லும், அதுவரை விலகி இருந்து பார்க்கட்டும் என்றார் டாக்டர். மருமகன் இரும்புக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். நான் மில்லுக்கு எதிராகப் பிரதேச சபைக்கு முறையிட்டுப் பெட்டிசம் எழுத உட்கார்ந்தேன். பத்தொன்பது நாள் புகைக்கூண்டைப் பார்த்துக் குறித்தேன். எழுதியதை வீட்டாருக்கு உரக்க வாசித்தேன்.

"மில்லு எத்தின தரம் புகைச்சிருக்கு, வாப்பா?" என்றாள் மகள்.

"அம்பத்தேழு."

"அந்தியில மஹ்ரிபு நேரத்தில நுளம்பு கடிக்குதெண்டு எங்கட ஜன்னலுக்குக் கீழ தேங்காப் பொச்சுமட்ட பத்த வெக்கிறது ஆரு? அது எத்தின தரம்?"

"எண்ணுங்களன்," என்றாள் மனைவி. "மூணு வருசத்துக் கணக்கு."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். பெண் வீட்டில் இருப்பவர் மாமாவின் புகையைக் குறை சொல்வாரா? ஒவ்வொரு நாளும் ஜன்னலைச் சாத்திவிட்டு இருமியிருக்கிறார். இருமலைக்கூட நான் எண்ணியிருக்கிறேன், காரணத்தைத் தேடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மகளும் மருமகனும் கடற்கரையில் இருக்கும் என் தங்கையின் வீட்டுக்குப் போக ஆயத்தமானார்கள். கடல் இருக்கிறதே என்று பதறினேன்.

"கடல் ஒருக்காத்தான் வந்திச்சி, வாப்பா. புகை ஒவ்வொரு நாளும் வருது."

பெட்டிசத்தை அனுப்பினேன்தான். குற்றவாளிகள் இரண்டு பேர் என்று திருத்த மனம் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து மருமகன் மறுபடி பரிசோதித்துவிட்டு வந்தார்.

"எவ்வளவு மகன்?"

"நல்லம், மாமா."

"நல்லமெண்டா எவ்வளவு?"

"நல்லம்."

மனைவியைத் தூது அனுப்பினேன். "ஒங்கட வயசுக்கு அந்த நம்பர் என்னத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

மறு வருடம் பேத்தி பிறந்தாள். சம்பந்தி உம்மாதான் முதலில் தூக்கினா. புகையை விட்டு விலகியதுதான் காரணம் என்று எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.