கம்பளி வைத்துத் தைத்த போர்வைகள்

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயம் இடிந்தபோது, அங்கிருந்த குடும்பங்களைப் பாடசாலைக் கட்டிடத்தில் தங்கவைத்தார்கள். பதுளையில் தையல் வேலை செய்யும் நானும் என் அண்ணியும் எல்லோருக்கும் போர்வை தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டோம்.

மேல்துணிக்கு வெட்டுத்துண்டுகள் இருந்தன. நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்புக்குத்தான் விலை அதிகம். கையிலிருந்த காசுக்கு அது பாதிப் போர்வைகளுக்குக்கூடப் போதாது.

"வெட்டி மிஞ்சின பஞ்சுத் துண்டுகளை ஓரத்தோட ஓரம் சேர்த்துத் தைப்போம். மெதுவாத்தான் ஆகும்" என்றாள் அண்ணி.

எனக்குப் பொறுமையில்லை. "பழைய கம்பளியை உள்ள வச்சா முடிஞ்சுது. அதைவிடச் சூடு எது இருக்கு?" என்றேன்.

வீடு வீடாகக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு மடிப்பு வைத்தேன். போர்வைகள் கனத்தன. அந்தக் கனத்தைத்தான் சூடு என்று நம்பினேன். ஒருவர் பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டு வந்ததில் எனக்குப் பெருமை வேறு.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது, ஜன்னல் கம்பிகளிலும் வாங்குப் பலகைகளிலும் அவை தொங்கிக்கொண்டிருந்தன. அறை முழுக்க ஈர நாற்றம். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா தன் போர்வையை மடித்து எடுத்துவந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. சாரல்ல நனைஞ்சிருச்சு. அஞ்சு நாளா காயப்போடுறேன், உள்ஈரம் போகவே மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரருக்கு மூச்சிழுப்பு. இந்த வாடைக்குக் கூடிப்போச்சு."

"இப்ப அவர் எதைப் போத்திக்கிறார்?"

"என் சேலையைத்தான்."

அந்தப் போர்வையை வாங்கிவந்து வீட்டில் தையலைப் பிரித்தேன். கம்பளியில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அண்ணி தான் சேர்த்துவைத்திருந்த பஞ்சுத் துண்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நனைந்தாலும் சீக்கிரம் காயும்படி ஒரே அடுக்காக அவற்றை இணைத்துத் தைக்க மூன்று நாளானது.

நான் கொண்டுபோனபோது அந்த அம்மாவின் வீட்டுக்காரர் இல்லை. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். நெஞ்சில் சளி கட்டிவிட்டதாம். போர்வையால்தான் என்று யாரும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை.

அந்த அம்மா புதுப் போர்வையை விரல்களால் அழுத்திப் பார்த்தார்.

"லேசா இருக்கே" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், "இத மொதல்லயே தந்திருக்கலாமேம்மா" என்றார்.

மற்றவர்களிடமும் போய், பிரித்து மாற்றித் தைத்துத் தருவதாகச் சொன்னேன். இரண்டு பேர் தந்தார்கள். மற்றவர்கள் போர்வையை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

"நீங்க எடுத்துட்டுப் போனா இன்னைக்கு எதைப் போத்துறது?" என்றாள் ஒருத்தி.

வாங்கிய இரண்டையும் சுமந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னால் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது.