நினைவு அட்டைக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம்

அக்கா செத்து இரண்டு கிழமைக்குள் அவளுடைய படம் ஒன்றைத் தெரிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்கு நினைவு அட்டை கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் செபம், மறுபக்கம் படம். அச்சகக்காரர் கறுப்பு வெள்ளைப் படம்தான் தன்னால் போட ஏலும் என்று சொல்லிவிட்டார். வீட்டில் கமரா வைத்திருந்தவள் நான். அதனால் அத்தான், "நீரே பாத்து ஒண்டை எடும்" என்று என்னிடம் விட்டார்.

அத்தானுக்குப் புல்மோட்டையில் மணல் ஆலையில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் விடியப் போய்விடுவார். அக்கா நோயில் விழுந்த பிறகும் அப்படித்தான் வந்து போனார். அக்காவும், அவளுடைய எட்டு வயது மகளும், துறைமுகத்தில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்த நானும் ஒரே வீட்டில் இருந்தோம். கமரா எங்களைப் பெற்ற ஐயாவுடையது. கடற்படைத் தளத்தில் அவர் வேலை செய்த காலத்தில், ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டுப் போனது.

முதலில் கலியாணப் படத்தைத்தான் எடுத்தேன். அது கறுப்பு வெள்ளைதான், தெளிவாகவும் இருந்தது. ஆனால் அதில் இருப்பவள் பத்தொன்பது வயதுப் பெண். முகம் முழுக்கப் பவுடர். கமராக்காரர் அசையக் கூடாது என்று சொன்னதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அக்காவின் மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அம்மா இல்லை" என்று திருப்பித் தந்தாள்.

அவள் கேட்டது வேறொரு படம். டுபாயில் வேலை செய்த ஒன்றுவிட்ட அண்ணன் லீவில் வந்தபோது எடுத்த கலர் படம். கிண்ணியாவுக்குப் போக, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைக்காகத் துறையில் காத்து நின்ற நேரம். அக்கா சிவப்புச் சேலையில், பச்சைப் பசேலென்ற கண்டல் பற்றைக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சிரிக்கிறாள். "இதுதான் அம்மா" என்றாள் பிள்ளை. எனக்கும் அதுதான் விருப்பம்.

டவுனில் நான் வழக்கமாகப் படம் கழுவக் கொடுக்கும் ஸ்டூடியோவுக்கு அதைக் கொண்டுபோனேன். ஸ்டூடியோக்காரர் கிண்ணியா முஸ்லிம் ஆள்; அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். அக்காவையும் அவருக்குத் தெரியும். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது சரிவராது" என்றார்.

"ஏன் நானா, நல்லாத்தானே இருக்கு?"

"கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பாருங்க. சிவப்பும் பச்சையும் கலரிலதான் வேற. கறுப்பு வெள்ளையில ரெண்டும் ஒரே சாம்பல். ஆளும் பத்தையும் ஒண்டாப் போயிரும்."

நான் நம்பவில்லை. அவர் மறுப்புச் சொல்லாமல் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, இரண்டு நாள் கழித்துக் காட்டினார். அவர் சொன்னதுபோலவே சேலை இலைகளுக்குள் போய்விட்டது. வெயில் நேரே அடித்ததில் கண் இருந்த இடம் இரண்டு கறுப்புக் குழி. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பிள்ளைக்குக் காட்டவில்லை.

இன்னொரு படம் இருந்தது. அது அப்போதும் கமராவுக்குள் கழுவாமல் கிடந்தது.

அக்கா படுக்கையிலேயே இருந்த கடைசி மாதத்தில் ஒருநாள் காலமை நான் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். யன்னலால் வந்த வெளிச்சம் அவள் முகத்தின் ஒரு பக்கத்தில் விழுந்திருந்தது. வெள்ளைத் துப்பட்டி, வெள்ளைச் சுவர், நடுவில் அவளுடைய முகம். நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. கஞ்சியை வைத்துவிட்டுக் கமராவை எடுத்து ஒன்று எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல ஏலாது. வெளிச்சம் வடிவாக இருந்தது, அவ்வளவுதான்.

சத்தத்துக்குத் திரும்பினாள். கோபப்படவில்லை.

"என்னை இப்பிடி எடுத்துப்போட்டியே," என்றாள். "ஒருத்தருக்கும் காட்டாதை. அதைக் கழுவவும் வேண்டாம்."

"ஓம் அக்கா" என்றேன்.

பூசைக்குப் பத்து நாள் இருக்கையில் அந்தச் சுருளை நானாவிடம் கொடுத்தேன். அவர் சுருளைக் கழுவி, அந்தப் படத்தை மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, "இதுதான் தங்கச்சி கறுப்பு வெள்ளைக்கு எண்டு எடுத்த படம்" என்றார். அது உண்மை. கன்ன எலும்பும், நெற்றியில் ஒட்டியிருந்த மயிரும், பாதி திறந்த உதடும் தெரிந்தன. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை அத்தான் வந்ததும் காட்டினேன். அவர் வாசலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அக்கா சொன்னதை நான் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. "சரி, இதையே குடும்" என்றார்.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் அட்டை கொடுத்தோம். வந்தவர்கள் பார்த்துவிட்டு மாதா சுரூபம் மாதிரி இருக்கிறது என்றார்கள். யார் எடுத்தது என்று கேட்டார்கள். நான் எடுத்தது என்று சொன்னேன். பிள்ளை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"சித்தி, இதில அம்மாவுக்கு நோகுதா?"

"இல்லை" என்றேன்.

அவள் திரும்பவும் படத்தைப் பார்த்தாள். பிறகு படப் பக்கம் உள்ளே வரும்படி அட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் சொந்தக்காரர் எல்லோரும் போன பிறகு, குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த இடத்தில் என்னால் அடக்க முடியவில்லை. தேத்தண்ணி வாங்க வந்த அத்தானிடம் சொல்லிவிட்டேன்.

"அக்கா அந்தப் படத்தை ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம் எண்டு சொன்னவ அத்தான். நான் ஓம் எண்டு சொன்னனான்."

"தெரியும்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தச் சனிக்கிழமை வந்தனான் எல்லோ, எனக்கும் சொன்னவ. கமராவுக்குள்ள ஒரு படம் கிடக்கு, தங்கச்சியைக் கழுவ விடாதேங்கோ எண்டு."

"தெரிஞ்சுகொண்டோ சரி எண்டனீங்கள்?"

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"நான் வாற நாளில அவ தலை இழுத்து, பவுடர் போட்டு, கதிரையில இருப்பா. நோகுதோ எண்டு கேட்டால் இல்லை எண்டுவா. மற்ற நாளில எப்பிடி இருந்தவ எண்டு எனக்குத் தெரியாது. உம்மட படத்திலதான் கண்டனான். அதைப் பாத்த பிறகு பவுடர் போட்ட படத்தைக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை."

பிறகு அவர் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். நான் மிச்சக் கோப்பைகளைக் கழுவினேன்.

ஆறு மாதம் கழித்து அத்தான் மணல் ஆலை வேலையை விட்டார். கப்பல்துறையில் ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்து, சைக்கிளில் போய் ஒவ்வொரு பின்னேரமும் வீட்டுக்கு வந்தார். மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், தலை பின்னக்கூடப் பழகினார். இந்த வேலையை ஒரு வருசத்துக்கு முந்தித் தேடியிருக்கலாம் என்று அவரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.