கண்மாய்த் தண்ணீர் பார்க்கப் போனோம்

கோவையிலிருந்து பரளச்சிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஆறு மணி நேரம் என்று போன் சொல்லும். எனக்கு எட்டு மணி நேரம் ஆகிறது. கார் ஓட்டுவது நான். கணவர் இடுப்பு வலி என்று திண்டுக்கல்லுக்கு முன்பே இருக்கையைச் சாய்த்துப் படுத்துவிடுவார். பத்து வயது மகள் பின்னால் இருந்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே வருவாள். இந்த முறை அவளோடு ஒரு மஞ்சள் நிற நீச்சல் வளையமும் வந்தது. ஊரில் போய் ஊதிக்கொள்ளலாம் என்றால் கேட்டால்தானே? பின்னால் வரும் லாரி கண்ணாடியில் தெரியாமல், மதுரை வரை அந்த வளையத்தையே பார்த்து ஓட்டினேன்.

எல்லாம் என் அப்பா செய்த வேலை. "கண்மாய் நெறஞ்சு மறுகால் பாயுது தாயி. கடல் மாதிரி கெடக்கு, சட்டுனு வா" என்று பேத்தியிடம் போனில் சொல்லிவிட்டார். அவள் பிறந்ததிலிருந்து அந்தக் கண்மாயில் பார்த்ததெல்லாம் கருவேல முள்ளும் மேயும் ஆடுகளும்தான். எங்கள் ஊரில் தண்ணீர் வந்தால் உடனே போய்ப் பார்த்துவிட வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், "அடுத்த வாரம் வாரோம்ப்பா" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரமும். ஐந்து நாள் ஆபீஸுக்கு ஓடிவிட்டு, மிச்சம் இரண்டு நாளும் ஸ்டியரிங்கைப் பிடிக்க உடம்பு கேட்கவில்லை. அப்பா வற்புறுத்தவில்லை. மூன்றாவது தடவை மட்டும், "மடையத் தொறந்து ரெண்டு வாரமாச்சு. தண்ணி எறங்கிக்கிட்டே இருக்குத்தா" என்றார்.

நான்காவது சனிக்கிழமை கிளம்பினோம். அருப்புக்கோட்டை தாண்டியதும் கணவர் எழுந்து, "என்ன பச்சை!" என்று கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தார். எனக்குப் பச்சையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. கழுத்து வலித்தது.

வாசலிலேயே அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். காபி குடிக்கக்கூட விடவில்லை. "வெளிச்சம் இருக்கையிலயே போயிருவோம்" என்று பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அம்மா முணுமுணுத்தபடி பின்னால் வந்தாள்.

கரை மேல் ஏறினோம். கண்மாய் முழுக்க வெடிக்கத் தொடங்கியிருந்த சேறு. மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். அதில் நான்கு நாரைகள் நின்றன. தண்ணீர் அவற்றின் முழங்காலுக்குக்கூட இல்லை.

"இதுதான் கடலா தாத்தா?" என்றாள் மகள்.

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர் மாதிரி அப்பாவின் முகம் சுருங்கிப் போனது. அவளைக் கூட்டிக்கொண்டு கரையின் உள்பக்கம் இறங்கி, கல்லில் படிந்திருந்த தண்ணீர்த் தடத்தைக் கை வைத்துக் காட்டினார். "இந்தா, இம்புட்டு ஒசரம் கெடந்துச்சு தாயி. சத்தியமா." அவர் இடுப்புக்கு மேலே இருந்தது அந்தத் தடம். மகள் தானும் அதில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு வளையத்தோடு பள்ளத்தில் இறங்கினாள். வளையம் மிதக்கவில்லை, சேற்றில் இழுபட்டது. நாரைகள் எழுந்து போயின.

திரும்பும்போது வயல் வரப்பு வழியாக வந்தோம். சுற்றிலும் நெல் கதிர் வாங்கி நின்றது. நடுவில் ஒரு வயல் மட்டும் வெளுத்துக் காய்ந்து கிடந்தது.

"இது ஏன் இப்படி இருக்கு?" என்று மகள் கேட்டாள்.

"மண்ணு அப்படி" என்றார் அப்பா.

அம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மண்ணு என்ன செஞ்சுச்சு? நம்ம வயலுத்தா இது. நம்ம முறைக்கு வந்த தண்ணிய இவுக ரெண்டு தடவையும் வேணாம்னுட்டாக. பேத்தி வந்து பாக்குற வரைக்கும் கண்மாயில கெடக்கட்டுமாம். ஊரே சிரிக்குது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஏம்ப்பா, ஊரே பாய்ச்சும்போது நீங்க ஒருத்தர் பாய்ச்சாட்டி கண்மாய்ல தண்ணி நின்னுருமா?" என்று கத்தினேன்.

"நிக்காதுதான். எனக்குத் தெரியாதாத்தா?" என்றார். வரப்பில் குனிந்து எங்கள் வயலிலிருந்து ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். எல்லாம் பதர், பறந்து போனது. "அந்தப் பிள்ளை வந்து பாக்கையில தண்ணி இல்லாமப் போனாலும், அத எறக்குனதுல என் கையும் இருந்துச்சுன்னு இருக்கக் கூடாதுல்ல."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மூன்று சனிக்கிழமைகளில் நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றில் மதியம் வரை தூங்கினேன். ஒன்றில் துணி மடித்தேன். இன்னொன்றில் என்ன செய்தேன் என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.