மாலத்தீவுச் சம்பளமும் மாசிக் கருவாடும்

போன வாரம் ஒரு கணக்கில் நான் ஃபெயில். பரீட்சையில் என்றால்கூடப் பரவாயில்லை... அடுத்த வீட்டுக்காரர்களின் வாழ்க்கையில்!

அடுத்த வீட்டு மெர்சி டீச்சர் சாத்தான்குளத்துப் பெண். இங்கே தூத்துக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. கிடைப்பதைச் சம்பளம் என்று சொல்லவே அவருக்குக் கூச்சம். கணவர் ஜெபராஜ் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் ஜெனிஃபர், ஏழு வயது. கழுத்தை நெரிக்கும் வீட்டுக் கடன் வேறு.

மாலத்தீவில் ஒரு பள்ளியிலிருந்து மெர்சிக்கு மெயில் வந்தது. வேலை உறுதி, இரண்டு வருட ஒப்பந்தம். சம்பளம் அந்த ஊர்ப் பணத்தில் — ருஃபியா. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மகளை விட்டுவிட்டுப் போகவேண்டுமே என்பதுதான் மெர்சியின் மனதை அரித்தது.

"அண்ணாச்சி, நம்ம பணத்துக்கு அது எவ்வளவு வரும்?" என்று ஜெபராஜ் என்னைக் கேட்டார்.

நான் சும்மா இருப்பேனா? போனை எடுத்தேன். ஒரு ருஃபியாவுக்கு ஐந்து ரூபாய்க்கும் மேல் காட்டியது. பெருக்கினேன். வந்த தொகையைச் சத்தமாகப் படித்தேன். இரண்டே வருடத்தில் கடன் அடைந்துவிடும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். மெர்சி மகளைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

சனிக்கிழமை ஜெபராஜ் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். ராயப்பன் நோட்டு வாங்க வந்தார். இங்கிருந்து காய்கறியும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வரும் சரக்குத் தோணியில் வேலை பார்ப்பவர். அவரிடம் பெருமையாக விஷயத்தைச் சொன்னோம்.

"ரேட்டு சரிதான் அண்ணாச்சி. ஆனா அந்த நோட்டை இங்கன யாரு வாங்குவா?"

"பேங்க்ல மாத்த முடியாதா?"

"அங்கனயே டாலரா மாத்தணும். பேங்க்ல டாலரைக் கொஞ்சமாத்தான் குடுப்பான். மிச்சத்தை வெளிய மாத்தப் போனா, ஒரு டாலருக்குக் கூடுதலா ருஃபியா கேப்பான். நாங்க கையில கிடைக்குற காசுக்கு மாசிக் கருவாடு வாங்கியாந்து இங்கன வித்துருவோம். டீச்சர் என்ன, மாசாமாசம் கருவாடா சுமந்துட்டு வருவாவ?"

ஜெபராஜ் சிரிக்கவில்லை. நானும்தான்.

"அங்கன வாடகை என்ன, தக்காளி என்ன விலைன்னு கேட்டியளா?"

கேட்கவே இல்லை!

அன்று சாயங்காலமே மெர்சி, அங்கே டீச்சராக இருக்கும் தன் கல்லூரித் தோழியைக் கூப்பிட்டார். வாடகை, சாப்பாடு, பேங்க் அனுப்பவிடும் தொகை, மீதியை மாற்றினால் ஏற்படும் நஷ்டம்... எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கழித்தார். கடைசியில் நின்ற தொகை, இங்கே வாங்குவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்தக் கொஞ்சத்துக்கு இரண்டு வருடம் மகளைப் பிரிய வேண்டும்.

நான் மட்டுமா இப்படி? துபாயில் வேலை என்றதும் உறவுக்காரரின் சம்பளத்தை மனதுக்குள் பெருக்கி, மொய் இவ்வளவுதானா என்று முகம் சுளிக்கிறவர்கள் நம் வீட்டிலேயே எத்தனை பேர்! அந்த ஊரில் அவர் எத்தனை பேரோடு ஒரே அறையில் படுக்கிறார் என்று யார் கேட்டோம்? ஒரு பணத்துக்கு இன்னொரு பணம் எவ்வளவு என்று போன் சொல்லிவிடும். அந்தப் பணம் அங்கே எத்தனை கிலோ அரிசி வாங்கும், கடல் தாண்டினால் அதை யார் கை நீட்டி வாங்குவார் என்பதையெல்லாம் அங்கே பிழைக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போகாமலேயே கழிந்தது. எனக்கு நிம்மதி, அதைவிட வெட்கம். வீட்டுக் கடன் அப்படியேதான் இருக்கிறது. மெர்சி சாயங்கால டியூஷன் ஆரம்பித்திருக்கிறார். ராயப்பன் மட்டும் அன்றைக்கு நோட்டு வாங்க வராமல் இருந்திருந்தால்?

நேற்று அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது ஜெனிஃபர் என்னைத் தடுத்து நிறுத்தினாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"மாமா, இனிமே எங்க அம்மாவுக்குக் கணக்குப் போட்டுக் குடுக்காதிய."