பயிர் வாட வேண்டும் என்று ஜெபித்தேன்

அன்பான விசுவாசிகளே, போன ஆடி மாதம் நான் கர்த்தரிடம் நெற்பயிர் வாட வேண்டும் என்று ஜெபித்தேன். என் அப்பா ஒரத்தநாட்டுப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நெல் போடுகிறவர். அவர் பெற்ற மகள் கேட்ட ஜெபம் இது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்போது ஜெர்மனியில் விவசாயப் பட்ட மேற்படிப்பின் கடைசி செமஸ்டரில் இருந்தேன். என் ஆய்வேடு தண்ணீர் இல்லாமல் எந்த நெல் ரகம் தாக்குப்பிடிக்கும் என்பது. கண்ணாடிக் கூடத்தில் தொட்டிகளில் நெல். இருபத்தொரு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. முடித்தால் பட்டம். கெடுத்தால் எல்லாம் போச்சு.

அந்த மாதங்களில் நான் மரத்துப் போயிருந்தேன். வகுப்புக்குப் போனேன், வந்தேன். ரொட்டி தின்றேன். அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. தினமும் ஜெபித்தேன், வாய் மட்டும் அசைந்தது. ஊரில் எல்லோரும் நான் அங்கே ராணி மாதிரி இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்தவில்லை.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை என்று அப்பா போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கூடத்துக்குள் போனேன். தொட்டி மண்ணும் வெடித்திருந்தது. இலைகள் சுருண்டிருந்தன. யோசிக்கவே இல்லை. குழாயைத் திறந்து எல்லாத் தொட்டிகளுக்கும் நிறைய நிறையத் தண்ணீர் விட்டேன். கடைசித் தொட்டியில் நீர் ததும்பியபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

அப்போதும் பயம் வரவில்லை. குறிப்பேட்டை எடுத்து, அன்று விட்ட தண்ணீர் பூஜ்யம் என்று எழுதினேன். மறுநாளும் பூஜ்யம். ஆனால் இலைகள் விரிந்துவிட்டன. நல்ல பச்சை. வியாழக்கிழமை பேராசிரியை பார்வையிட வருவார். அதனால்தான் இலை மறுபடி சுருள வேண்டும் என்று ஜெபித்தேன். செவ்வாயும் ஜெபித்தேன். பயிர் இன்னும் செழித்தது.

புதன்கிழமை காலை அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீங்களும் அப்படியே ஜெபியுங்கள் என்று கேட்டேன்.

“பச்சைப் பயிரு கருகணும்னு நான் எப்படிம்மா முழங்கால் போடுறது? அது என்னால ஆகாது” என்றார்.

“அப்ப எனக்காக யாருப்பா ஜெபம் பண்ணுவாங்க?”

“நான்தான் பண்ணுவேன். நீ போயி அந்த டீச்சரம்மாகிட்ட நடந்தத சொல்லு. சொல்ற தைரியத்த உனக்குக் குடுக்கச் சொல்லிக் கேக்குறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. பல மாதத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று வந்தது. அந்தக் கோபத்தோடே பேராசிரியையின் அறைக்குப் போய், தண்ணீர் விட்டதையும் பூஜ்யம் எழுதியதையும் சொன்னேன்.

அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அந்தத் தொட்டிகளின் கீழே, வேறொரு மாணவருக்காகப் பொருத்திய எடைக் கருவிகள் இருந்திருக்கின்றன. எனக்குத் தெரியாது. மணிக்கு மணி எடை பதிவாகியிருந்தது. ஞாயிறு மதியம் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. திங்கள் முதல் அவருக்குத் தெரியுமாம். பொய்க் குறிப்பு எழுதியதற்காக என்னை நீக்கச் சொல்லும் கடிதத்தை எழுதி வைத்திருந்தார். அன்று மாலை அனுப்புவதாக இருந்தாராம். நீயாக வருவாயா என்று பார்த்தேன் என்றார். ஏன் தண்ணீர் விட்டாய் என்று கேட்டார். அப்பா அனுப்பிய படத்தைக் காட்டினேன். காட்டும்போதே அழுதுவிட்டேன். விக்கி விக்கி அழுதேன். அவர் கடிதத்தை அழித்தார்.

மறுபடி விதைத்தேன். பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது. ஊரில் கேள்வி கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். மரத்துப்போனது முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது ஜெபிக்கும்போது யாரிடம் பேசுகிறேன் என்று தெரிகிறது. எப்படி இருக்கிறாய் என்று அம்மா கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன்.

நான் கேட்டபடி இலை சுருண்டிருந்தால் குறிப்பேட்டை மூடிக்கொண்டு அறையிலேயே இருந்திருப்பேன். கடிதம் போயிருக்கும். கர்த்தர் கொடுக்காததற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன்.

படிக்கப் போன இடத்தில் தனியாகத் தவிக்கிற தம்பி தங்கைகளே, அவரை நம்புங்கள். ஜெபிக்கச் சொல்லி யாரிடமாவது கேட்பதானால், முடியாது என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவரிடம் கேளுங்கள்.