வலக்கை நகங்கள்

நகுலேஸ்வரன் இறந்து நான்கு மாதமாகியும் அவர் மனைவி யோகராணி அழவில்லை. கனடாவின் டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவுப் பணி செய்யும் அவர், எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாளே வேலைக்குத் திரும்பினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சாம்பலை ஆற்றில் கரைத்தபோதும் வேறு யாருடைய காரியத்தையோ பார்த்து நிற்பவர்போல நின்றார். ஆனால், அவருடைய கைப்பையில் ஒரு மாத்திரைக் குப்பி இருந்தது. மருத்துவமனையில் கடைசி நாள் காலை, கணவருடைய வலக்கை நகங்களை வெட்டிவிட்டார். இடக்கையைப் பிடிக்குமுன் தாதி வந்துவிட்டார். குப்பியில் இட்டுவைத்த அந்த ஐந்து துண்டுகளையும் எறிய மனம் வரவில்லை. வைத்திருப்பதும் முறையல்ல என்பதை அறிவார்.

கனடாவுக்கு வருமுன் இருவரும் பாங்கொக்கில் அகதிகளாக ஐந்தாண்டுகள் காத்திருந்தவர்கள். காவல்துறைக்கு அஞ்சி அறைக்குள்ளேயே கிடந்த நகுலேஸ்வரன், கிரத்தோங் என்னும் இலைக்கிண்ணங்களை மிதக்கவிடும் கார்த்திகைப் பௌர்ணமியன்று மட்டும் கூட்டத்தோடு கூட்டமாகக் கால்வாய்க்கரைக்கு வருவார். வாழையிலையால் கிண்ணம் மடித்து, பூவும் மெழுகுதிரியும் ஊதுபத்தியும் வைத்து, தங்கள் நகத்தையும் இரண்டொரு மயிரையும் அதில் இட்டு நீரில் விடுவார்கள். ஆண்டின் பீடை நீரோடு போகும் என்பது அந்நாட்டார் நம்பிக்கை.

நவம்பர் ஞாயிறொன்றின் பிற்பகலில், சென்ட் லோரன்ட்டில் தாய்லாந்துக்காரர் கிரத்தோங் விழாவுக்குக் கூடும் மண்டபத்துக்கு உடன் வேலை செய்யும் துஷாந்தினி அவரைக் காரில் கூட்டிச்சென்றாள். கிண்ணத்தின் அடியில் வைக்க வாழைத்தண்டுக்குப் பதிலாகப் பாண் ரொட்டித் துண்டு. உறைபெட்டியில் உறைந்திருந்த வாழையிலை, மடிக்கும்போதெல்லாம் கிழிந்தது.

யோகராணி குப்பியைத் திறந்ததும் துஷாந்தினி முகத்தைச் சுளித்தாள்.

"நகத்தைப் போய்ப் பூவோட வைப்பினமே, அக்கா? எங்கட ஐயர் பாத்தா மயங்கி விழுந்திடுவார்."

"ஐயரை நான் கூப்பிடேல்லை."

"என்னையும் கூப்பிட்டிருக்க மாட்டியள். கார் இருக்கிறபடியால் தப்பினன்."

யோகராணி சிரிக்கவில்லை. மண்டபத்தின் நடுவே, பிள்ளைகள் குளிக்கும் நீலப் பிளாஸ்டிக் தொட்டியொன்றில் நீர் நிரப்பியிருந்தது. ஆற்றில் விட அனுமதி கிடைக்கவில்லை என்றாள் விழாவை நடத்திய மாலி. எல்லாம் பின்பு எங்கே போகும் என்று யோகராணி தாய்லாந்து மொழியில் கேட்டார். மாலி கதவோரத்துக் குப்பைப் பைகளைக் காட்டினாள்.

"அக்கா, இதிலை விடாதேங்கோ. சென்ட்-ஆன் பக்கம் ஆறு கிடக்குது. இப்பவே கொண்டுபோறன், வாங்கோ" என்றாள் துஷாந்தினி.

யோகராணி நகங்களைக் கிண்ணத்துப் பூவிடையே இட்டார். நகங்கள் நீரோடு போகவேண்டும் என்றுதான் வந்தார். ஆனால், அந்த ஆற்றங்கரையில் இந்நேரம் ஒருவரும் இருக்கமாட்டார்.

"வேண்டாம். அவர் தனிய வெளிக்கிட மாட்டார். சனத்துக்குள்ளையெண்டால்தான் வருவார்."

கிண்ணத்தைத் தொட்டியில் விட்டார். அது மற்றவற்றோடு இடிபட்டு அரைவட்டம் சுற்றியது. பிறருக்கு இடம் வேண்டுமென்று ஒருவர் வலையோடு வந்தார்.

"நானே எடுக்கிறன்" என்று வலையை வாங்கி, கிண்ணத்தை அள்ளிக் குப்பைப் பையில் போட்டார். கண்ணீர் இப்போதும் வரவில்லை.

"போவமே, அக்கா?"

"பொறு. இன்னும் நிறையக் கிடக்குது" என்று கூறிய யோகராணி, மற்றவர்களுடையவற்றையும் ஒவ்வொன்றாக அள்ளி அதே பையில் போடத் தொடங்கினார்.